நுரை கக்கிய தூண்

அந்தத் தைலக் கம்பெனியில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. சேர்ந்த முதல் வாரமே பாய்லர்க்காரர் அவளுக்கு ‘டிகிரி’ என்று பெயர் வைத்துவிட்டார். அங்கே பட்டம் வாங்கிய ஒரே ஆள் அவள். போதாததற்கு எப்போதும் கையில் ஒரு தெர்மாமீட்டர். “எத்தன டிகிரி, டிகிரி?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். அவளுக்குக் கோபம் வந்ததில்லை. அவள் வீட்டில் அதற்கு முன் பள்ளிப் படிப்பைத் தாண்டியவர் கிடையாது. கொடுத்த பெயரை என்றைக்காவது திருப்பி வாங்கிக்கொண்டு விடுவார்களோ என்ற பயம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

லேப் என்று பெயர் பெற்ற அறை, அதற்கு முன் சாக்குகள் அடுக்கியிருந்த அறை. ஒரு கல்மேடை, ஒரு தண்ணீர்க் குழாய், பாய்லர் முற்றத்தைப் பார்த்த ஜன்னல். தைலமர இலையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் எடுப்பது கம்பெனியின் தொழில். எண்ணெயின் அடர்த்தியை அளந்து, நிறத்தைப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போடுவது அவள் தொழில். அம்மாவுக்கு அந்தக் கையெழுத்துதான் பெரிய விஷயம். “எம்பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் வண்டியே கெளம்பும்” என்று விடுதிச் சமையல்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அம்மா அந்த விடுதியில் பாத்திரம் தேய்ப்பவள். கம்பெனியில் யாராவது கேட்டால் “எங்கம்மா ஹாஸ்டல்ல இருக்காங்க” என்பாள் மகள். கேட்டவர்கள் வார்டன் என்று நினைத்துக்கொண்டார்கள். பொய் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அந்தச் சமாதானம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தும்.

வண்டியில் போன பீப்பாய்கள் ஒருநாள் திரும்பி வந்தன. வலிமருந்து செய்கிற பெரிய கம்பெனி, எண்ணெயில் சத்து போதாது என்று அனுப்பிவிட்டது. இலை வந்த தோட்டம் மாறியிருந்தது. மூக்கைத் திறந்துவிடும் சினியோல் குறைந்து, வார்னிஷ் வாடையடிக்கும் பைனீன் அந்த எண்ணெயில் கூடிவிட்டது.

முதலாளி லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவர் உள்ளே வராமல் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“இந்த எண்ணெயத் தேத்த முடியுமா, முடியாதாம்மா?”

“முடியும் சார்.” மூளை யோசிக்கும் முன்னே வாய் முந்திக்கொண்டது.

“அப்ப ஒரு பாட்டில்ல காட்டு. அவங்க கெமிஸ்ட் வெள்ளிக்கிழம மத்தியானம் வர்றாரு. உன் சாம்பிள் தேறிச்சுன்னா ஆர்டர் நிக்கும், பெரிய கலத்துக்கும் அதே மாதிரி செஞ்சுக்கலாம். தேறலேன்னா மொத்தத்தையும் தரை தொடைக்கிற மருந்துக்காரனுக்குத் தள்ளிவிட்டுட்டு, இந்த ரூம்ல பழையபடி சாக்கு அடுக்கிடுவேன். சீட்டுல கையெழுத்துப் போட எனக்கே தெரியும்.”

அவர் போன பிறகுதான் அவள் யோசித்தாள். சினியோலும் பைனீனும் கொதிக்கும் சூட்டில் இருபது டிகிரிதான் வித்தியாசம். வெறுமனே காய்ச்சினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும். பிரிக்க வேண்டுமென்றால் குடுவைக்கு மேலே வடிதூண் என்ற உயரக் கண்ணாடிக் குழாய் வேண்டும். கல்லூரியில் அந்தத் தூண் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து மேஜையில் வைப்பார்கள், சுற்றி நின்று பார்ப்பார்கள், திரும்பப் பூட்டுவார்கள். பரீட்சையில் அளவுகோல் வைத்து அதை வரைந்து முழு மார்க் வாங்கியவள் அவள். தொட்டது கிடையாது. ஏட்டுச் சுரைக்காயைக் காட்டி விருந்துக்கு ஆள் அழைத்த கதையாகிவிட்டது.

அடுத்த தெருவில் கடைப் பலகைகளுக்கு நியான் குழாய் வளைத்துக் கொடுப்பவரிடம் ஓடினாள். கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனை குடுவையிலும், மறுமுனை தெர்மாமீட்டர் நிற்கும் தலையிலும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். உள்ளே வைப்பது கீழே விழாமலிருக்க அடியில் மூன்று பள்ளம் அமுக்க வேண்டும். அவள் வரைந்து நீட்டிய படத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல லைட்டு எரியாதே?”

“எரியக் கூடாதுண்ணே. எரிஞ்சா நான் காலி.”

குழாய் தயாரானது. உள்ளே எதை நிரப்புவது? ஆவி வழுக்கிக்கொண்டு நேரே மேலே போய்விட்டால் பிரிவினை நடக்காது. மேலே ஏறும் ஆவியும் குளிர்ந்து கீழே வழியும் திரவமும் வழியெல்லாம் ஒன்றையொன்று உரச வேண்டும். அவள் வீட்டு மாடிப்படி அப்படிப்பட்டது. காலையில் குடத்தோடு இறங்குகிறவர்களும் நிறைந்த குடத்தோடு ஏறுகிறவர்களும் தோள் உரசாமல் நகர முடியாது. தூணிலும் உரசும்போதெல்லாம் கனமானது கொஞ்சம் கீழே இறங்கும், லேசானது கொஞ்சம் மேலே ஏறும். உரசல் எவ்வளவு அதிகமோ பிரிவு அவ்வளவு சுத்தம். நிறைய பரப்பு வேண்டும், ஆனால் வழியும் அடைபடக் கூடாது. அதற்கென்று விற்கிற கண்ணாடி வளையங்கள் வந்து சேர்வதற்குள் வெள்ளிக்கிழமை எத்தனையோ போய்விடும்.

இதையே யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவளின் கண் தண்ணீர்த் தொட்டியோரம் போய் நின்றது. அம்மா வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து ஸ்டீல் நார் ஒன்று சுருள்சுருளாக எட்டிப் பார்த்தது. மெல்லிய எஃகு நாடா. பிடித்தால் ஒரு பிடி, பிரித்தால் ஒரு தெரு நீளம்.

“அம்மா, இது புதுசா எத்தன இருக்கு?”

அம்மா திரும்பினாள். நாரைப் பார்த்தாள், மகளின் கையைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது.

“ஏண்டி, இதத் தொடக் கூடாதுன்னுதானே உன்னப் படிக்க வெச்சேன்? ஊரெல்லாம் சுத்திட்டு வந்து கடைசியில இதையேவா கையில எடுக்கிறே?”

“தேய்க்கறதுக்கு இல்லம்மா. தூணுக்குள்ள வெக்கணும்.”

“தூணா? இருக்கிறதே வாடக வீடு. இதுல தூணு வேறயா!”

சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகு மகள் விஷயத்தைச் சொன்னாள். சாக்கு அறை என்ற சொல் வந்ததும் அம்மா பையிலிருந்த புது நார்களையெல்லாம் எடுத்து வைத்தாள். இருவரும் உட்கார்ந்து சுருள் பிரித்து விரல் நீளத்துக்கு வெட்டினார்கள். ஒரு பேசின் நிறைந்தது. நார் செய்த ஆலையின் மெஷின் எண்ணெய் அதில் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. லேபில் ஸ்பிரிட் ஊற்றி அலசிக்கொள்ளலாம் என்று நினைத்தபடியே அவள் படுத்தாள்.

விடிந்து பார்த்தபோது அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலடியில் விரித்த துணிமேல் அத்தனை துண்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. பிசுக்கு இல்லை. வெள்ளி மாதிரி மின்னின. மகளுக்கு மனம் நெகிழ்ந்தது. எதில் கழுவினாள் என்று கேட்க ஆளும் இல்லை, தோன்றவும் இல்லை. இதற்குமேல் ஸ்பிரிட் எதற்கு? அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அது வியாழக்கிழமை.

குழாயில் துண்டுகளைத் தளர்வாக நிரப்பினாள். சூடு வெளியே போகாமல் கண்ணாடி நார்க் கயிற்றைச் சுற்றி, உள்ளே பார்க்க மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் அகல இடைவெளி விட்டாள். தலையில் தெர்மாமீட்டர், பக்கத்தில் குளிர்குழாய், அதன் நுனியில் குப்பி. கொதி சீராக இருக்கக் குடுவையில் உடைந்த பீங்கான் சில்லுகள். பீப்பாயிலிருந்து நேரே எடுத்த எண்ணெய். மின்னடுப்பைப் போட்டாள்.

பாய்லர்க்காரர் ஜன்னலில் மோவாயை ஊன்றிக்கொண்டார். “ராக்கெட்டா?”

“தூணுண்ணே.”

“எதத் தாங்குது?”

“என் வேலைய.”

அவர் சிரிக்கவில்லை.

குடுவை முணுமுணுக்க ஆரம்பித்தது. இடைவெளி வழியே ஈர வளையம் ஒன்று தெரிந்தது. ஆவி எட்டிய உயரம் அது. கால் பங்கு ஏறியது. பாதி ஏறியது. அவள் மூச்சும் அதோடு ஏறியது. முக்கால் பங்கைத் தொட்டபோது கீழேயிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. நுரை. அடுப்பில் மறந்துவிட்ட பால் மாதிரி தூண் முழுக்கப் பொங்கி, உச்சியைத் தாண்டி, குளிர்குழாய்க்குள் பாய்ந்தது. குப்பியில் சொட்டுச்சொட்டாக விழ வேண்டியது கொடகொடவென்று கொட்டியது. போட்ட எண்ணெய் போட்ட நிறத்திலேயே திரும்பி வந்தது.

அடுப்பை அணைத்தாள். தூண் ஒரு ஏப்பம் விட்டு அத்தனையையும் கீழே இறக்கியது.

“டிகிரி, உன் தூணுக்கு வலிப்பா? வாயில நொர தள்ளுதே.”

சூடு அதிகம் என்று குறைத்துப் பார்த்தாள். நுரைத்தது. நிரப்பியது இறுக்கமாகிவிட்டதோ என்று கால்வாசித் துண்டுகளை உருவி எடுத்தாள். நுரைத்தது. இன்னும் சூட்டைக் குறைத்தாள். ஈர வளையம் பாதியிலேயே நின்றது. கொஞ்சம் கூட்டியதும் மறுபடி நுரை. கழுத்துவரை வியர்த்துவிட்டது. புத்தகம் சொன்னதையெல்லாம் செய்தாகிவிட்டது. அப்படியானால் கோளாறு எங்கே? தூணிலா, தன்னிடமா? வரைந்து வாங்கிய மார்க்குதானே, வரையத்தான் தெரியும் போலிருக்கிறது என்று தோன்றியபோது கண் கலங்கியது.

முதலாளி வாசலில் நின்று குப்பியைப் பார்த்தார். அடியில் எண்ணெய், மேலே நுரை.

“என்னம்மா இது? தைலம் கேட்டா ஷாம்பு காட்டுறே?”

குத்தலாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தச் சொல் போகவில்லை. ஷாம்பு. அவள் உருவி வைத்த துண்டுகளிலிருந்து நாலைந்தை எடுத்தாள். ஒரு சோதனைக் குழாயில் போட்டு வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். குழாயின் பாதி வரை நுரை எழும்பி, கலையாமல் நின்றது.

சோப்பு.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அம்மா நாரைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவியிருக்கிறாள். சுருளுக்குள் தங்கிய சோப்பு தண்ணீருக்காகக் காத்திருந்தது. ஆவியில் எடுத்த எண்ணெயில் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் கரைந்து கிடக்கும். அதை உறிஞ்சி எடுக்காமல் குடுவையில் ஊற்றியது இவள். சோப்பு அம்மா போட்டது, தண்ணீர் மகள் விட்டது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக் கரைத்துவிட்டன.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கணக்கு அவளுக்கு மறந்துபோனது. சோப்பு மட்டும் நினைவிலிருந்தது.

“தூணு நின்னுச்சா?” ஈரக்கையைத் துடைத்தபடி அம்மா கேட்டாள்.

“உன்ன யாரும்மா கழுவச் சொன்னா?”

“ஏன்?”

“சோப்பு போட்டியா, இல்லியா?”

“பின்ன? பிசுக்கோடயா குடுத்தனுப்புவேன்? நாலு பேரு பாக்கிற எடம். பாத்திரம் தேய்க்கிறவ வீட்டுச் சாமான்னு யாரும் மூஞ்சியச் சுளிச்சிரக் கூடாதுல்ல.”

“தெரியாத வேலையில எதுக்கு கை வெக்கிறே? எல்லாம் போச்சு. நாளைக்கு அந்த ஆளு வந்து நின்னா நான் நுரையத்தான் காட்டணும்.”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொட்டிய பாலை அள்ளவா முடியும்? அம்மா கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். நகக்கண் வெடித்த, சோப்பு தின்ற கைகள். சற்றுப் பொறுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது முனைக்கடையிலிருந்து உறை பிரிக்காத ஒரு கட்டு நார் வாங்கி வந்து மகள் முன்னால் தள்ளி வைத்தாள்.

“இத நான் தொடல. நீயே பிரிச்சுக்க, நீயே கழுவிக்க.”

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது மகளுக்கு. கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், கத்திரிக்கோலை எடுத்து அம்மா பக்கம் நகர்த்தினாள்.

“தனியா வெட்டினா விடிஞ்சிரும். எண்ணெயில தண்ணி இருந்தது என் தப்பு. சோப்பு மட்டும்னா இவ்வளவு நொரைக்காது.”

அம்மா உறையைக் கிழித்தாள்.

“ஏன் சோப்பு ஆகாது? அதச் சொல்லு மொதல்ல.”

வெட்டிக்கொண்டே சொன்னாள் மகள். மாடிப்படி, குடங்கள், உரசல் எல்லாம். படிக்கட்டில் யாரோ சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா, “ஏறுறவனும் வழுக்குவான், எறங்குறவனும் வழுக்குவான், மொத்தமா வந்து வாசல்ல விழுவாங்க” என்றாள். அது சரியான விளக்கமில்லை. ஆனாலும் மகள் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, காவலாள் கதவைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். தூணைக் கழற்றிக் கழுவினாள். புது நாரை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து உலர்த்தினாள். எண்ணெயில் ஈரம் உறிஞ்சும் உப்பைப் போட்டுக் குலுக்கி, தெளிந்ததும் வடிகட்டினாள். மீண்டும் நிரப்பி, மாட்டி, கயிறு சுற்றி, அடுப்பைப் போட்டாள்.

ஈர வளையம் ஏறியது. கால். பாதி. முக்கால். அவள் விரல் அடுப்பின் திருகிலேயே இருந்தது. உச்சி. நுரை இல்லை. நார்ச் சுருள்களில் திரவம் மணிமணியாக வழிந்து இறங்கியது. இடைவெளி வழியே அதைப் பார்க்க மழைக்குப் பின் கம்பி வேலியைப் பார்ப்பது போலிருந்தது.

இப்போதுதான் கடினமான கட்டம். தலையில் சேர்வதையெல்லாம் எடுக்காமல் தூணுக்குள்ளேயே திருப்பி விட வேண்டும். உள்ளே ஏற்றமும் இறக்கமும் ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. முதலாளி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் உள்ளேயே வந்துவிட்டார்.

“இவ்வளவு நேரமா கொதிக்குது, ஒரு சொட்டுகூட வரலியே?”

“வரக் கூடாது சார்.”

“வராம இருக்கறதுக்கா கரண்டு எரிக்கிறே?”

“உள்ள பிரிஞ்சிக்கிட்டிருக்கு சார். இப்ப எடுத்தா கலந்துதான் வரும்.”

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

தெர்மாமீட்டர் நூற்று ஐம்பத்தாறில் வந்து, ஆணி அடித்தது போல நின்றது. சொட்டு எடுக்கும் திருகை மெல்லத் திறந்தாள். முதல் சொட்டு. வார்னிஷ் வாடை. பைனீன்தான். அறை முழுக்கப் புதிதாய் இழைத்த மரத்தின் மணம். சொட்டும் சொட்டுமாக ஒரு குப்பி நிறைந்துகொண்டு வந்தது. “எத்தன டிகிரி, டிகிரி?” என்று ஜன்னல் கேட்டது. “அம்பத்தாறுண்ணே, அசையல” என்றாள்.

அசைந்தது. பாதரசம் அறுபதைத் தாண்டி நகரத் தொடங்கிய நேரத்தில்தான் வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வலிமருந்துக் கம்பெனியின் கெமிஸ்ட் வந்துவிட்டார். நரைத்த மீசை, தோல்பை, நிற்க நேரமில்லாத முகம்.

“ரெடியா? சாம்பிள் குடுத்தா கெளம்பிடுவேன்.”

“குடும்மா” என்றார் முதலாளி, குப்பியைக் காட்டி.

அவள் அந்தக் குப்பியை எடுத்துத் தள்ளி வைத்தாள். வேறொன்றை மாட்டினாள்.

“இது அது இல்ல சார். இப்ப வர்றதும் இல்ல. இது நடுவால வர்ற கலப்பு. இத வீசிட்டு அடுத்தது வரணும்.”

“சார் கெளம்பணும்கிறாரே!”

“இதக் குடுத்தா இன்னொரு தரம் திருப்பித்தான் அனுப்புவாங்க.”

முதலாளியின் முகம் சிவந்தது. வந்தவர் தோல்பையைக் கல்மேடையில் வைத்துவிட்டு, குனிந்து, கயிற்று இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தெர்மாமீட்டரை. நாலு பேரும் ஒரு வெள்ளிக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுபத்தைந்து. எழுபது. அங்கே சற்றுத் தயங்கியது. சொட்டு நின்றேபோனது. தூண் வறண்டுவிட்டதோ? அவள் அடுப்பின் திருகை மயிரிழை அளவு கூட்டினாள். கூடினால் நுரைக்குமோ, கூட்டாவிட்டால் இத்தோடு நின்றுவிடுமோ. எழுபத்து நான்கு. எழுபத்தாறு. நின்றது.

குப்பியை மாற்றினாள். விழுந்த முதல் சொட்டிலேயே பாய்லர்க்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று தும்மினார். “அட, மூக்கு தொறந்திருச்சு!”

“மூக்க நம்ப மாட்டேன்” என்றார் மீசைக்காரர்.

“ஐஸ் வெச்சிருக்கேன் சார்.”

நொறுக்கிய ஐஸில் உப்பைக் கொட்டிக் கலக்கியிருந்தாள். சத்து நிறைந்த எண்ணெய் அந்தக் குளிரில் உறைந்துவிடும். கலப்பு எண்ணெய் உறையாது. சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து ஐஸுக்குள் செருகினாள். குழாயின் வெளிப்புறம் வெள்ளை பூத்தது. உள்ளே எண்ணெய் தெளிவாக, தண்ணீராக, அப்படியே இருந்தது. நேரம் போனது. அப்படியே இருந்தது.

“உறையலியே” என்றார் முதலாளி. குரலில் கோபம்கூட இல்லை. சாக்குகளை எங்கே அடுக்குவது என்று கணக்குப் போடும் குரல் அது.

அவள் குழாயை வெளியே எடுத்தாள். சில திரவங்களுக்கு உறைய ஒரு தூண்டுதல் வேண்டும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. மெல்லிய கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுச் சுவரில் ஒரு கீறல் கீறினாள். கீச் என்றது. ஒன்றுமில்லை. இன்னொரு கீறல்.

குச்சி தொட்ட இடத்திலிருந்து ஊசிபோல ஒன்று கிளம்பியது. அதிலிருந்து இன்னொன்று. கண்ணிமைப்பதற்குள் குழாய் முழுக்க வெள்ளைப் பாளமாக இறுகிவிட்டது. அவள் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

மீசைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பரவாயில்ல. குப்பியக் குடு. எங்க லேப்லயும் பாத்துட்டுத்தான் ஆர்டர். ஆனா இது தேறும்.” பிறகு தூணைக் காட்டினார். “உள்ள என்ன போட்டிருக்கே? வெளிநாட்டுப் பொருளா?”

முதலாளி ஆமாம் என்று தலையாட்டத் தயாராகிவிட்டார். மகள் ஒரு நொடி தயங்கினாள்.

“பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார் சார். எங்கம்மா ஹாஸ்டல்ல பாத்திரம் தேய்க்கிறாங்க. அவங்க வாங்கிக் குடுத்தது.”

சொன்னபின் காதுமடல் சூடானது. யாரும் மூஞ்சியைச் சுளிக்கவில்லை. மீசைக்காரர், “துருப்பிடிக்காத எஃகுதானே, காந்தம் ஒட்டக் கூடாது, வெச்சுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை என்றாள். “பாரு” என்றார். போய்விட்டார்.

முதலாளி தூணைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “பெரிய கலத்துக்கு இதே மாதிரின்னா ஆளுயரத்துக்கு மேல வருமே. எவ்வளவு நார் வேணும்?”

“மூட்டக்கணக்குல வேணும் சார்.”

“சரி, மூட்டைய இந்த ரூம்லயே போட்டுக்க” என்றவர், தான் சொன்னது தனக்கே கேட்டது போல நின்று, “லேப்தான். லேப்பாவே இருக்கட்டும். மூட்டைய வெளிய வெச்சுக்கலாம்” என்று திருத்திக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “நாரு இன்னும் வேணுமாம், அம்மா. மூட்ட மூட்டையா” என்றாள்.

“மூட்டையா? எந்த மகராசன் வெட்டுறது?”

“நாமதான்.”

அம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மகள் அடுத்து வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

“சோப்பு போடக் கூடாது. தெரியும், போ.”